தார் மணல் கசடு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், கனடாவின் அதபாஸ்கா தார் மணலில் எடுக்கும் பிட்டுமெனுக்கு (தார் போன்ற கெட்டியான கச்சா எண்ணெய்க்கு) வேதிச் சூத்திரம் உண்டா?

பதில்: கிடையாது. ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை அது. வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தாலும் ஏறக்குறைய பாதி ஆவியாகாமல் அடியிலேயே தங்கிவிடும். அந்தக் கசடைத்தான் நிறைவுற்றவை (இரட்டைப் பிணைப்பு இல்லாதவை), அரோமாட்டிக்குகள் (பென்சீன் போன்ற வளையம் உள்ளவை), ரெசின்கள் (பிசின் போன்றவை), அஸ்ஃபால்டீன்கள் என்று நான்காகப் பிரிக்கிறோம். தலைவலி கடைசியில் சொன்னதில்தான்.

கேள்வி: அஸ்ஃபால்டீன் என்பது எந்த மூலக்கூறு?

பதில்: அது மூலக்கூறின் பெயரே இல்லை. ஹெப்டேனில் கரையாது, டொலுவீனில் கரையும். இப்படி நடந்துகொள்ளும் எல்லாமே அஸ்ஃபால்டீன். ஒரு கிராம் கசடுக்கு 40 மில்லி ஹெப்டேன் ஊற்றிக் கலக்கி, ஊறவிட்டு வடிகட்டுங்கள். தாளில் நிற்பதை, கீழே சொட்டும் ஹெப்டேன் நிறமில்லாமல் வரும்வரை கழுவ வேண்டும். அவசரப்பட்டால் ரெசினும் ஒட்டிக்கொண்டு எடை கூடிவிடும். காய்ந்ததும் பளபளக்கும் கரும்பழுப்புச் சில்லுகள். தேய்த்தால் பிசுபிசுக்காது, தூளாகும். பென்டேன் ஊற்றினால் இன்னும் அதிகம் விழும். எந்தக் கரைப்பான் என்று எழுதாத அஸ்ஃபால்டீன் சதவீதத்தை நான் படிப்பதே இல்லை.

கேள்வி: பழைய கட்டுரைகளில் அஸ்ஃபால்டீனின் மூலக்கூறு எடை பல ஆயிரம், புதியவற்றில் 750 என்கிறார்களே?

பதில்: 750 பக்கம்தான் சரி. இந்த மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்து ஆவியழுத்த அளவீடு கொத்தையே ஒரு மூலக்கூறாக எண்ணிவிட்டது.

கேள்வி: ஒரு அஸ்ஃபால்டீன் மூலக்கூறின் நடுவில் இருப்பது ஒரே அரோமாட்டிக் வளையக் கூட்டமா, கார்பன் சங்கிலியால் கோத்த பல கூட்டங்களா?

பதில்: ஒரே கூட்டம் என்றால் தீவு, பல என்றால் தீவுக்கூட்டம். தீவா, தீவுக்கூட்டமா என்று எங்கள் துறையின் பழைய சண்டை! 2015இல் அணுவிசை நுண்ணோக்கியில் மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் படமெடுத்தபோது தீவுகளே அதிகம் தெரிந்தன. ஆனால் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஆட்டோ ஸ்ட்ராஸ் குழு, அதபாஸ்கா அஸ்ஃபால்டீனை ருத்தேனியம் என்ற உலோகத்தை வினையூக்கியாகக் கொண்டு ஆக்சிஜனேற்றியது. அதில் அரோமாட்டிக் வளையங்கள் சிதைந்து, சங்கிலிகள் அமிலமாகத் தப்பும். இரு முனையிலும் அமிலம் இருந்தால் அது இரண்டு வளையக் கூட்டங்களுக்கு நடுவே இருந்த பாலம். அப்படிப்பட்டவையும் கிடைத்தன. இரண்டு வகையும் உண்டு என்பதே என் கட்சி.

கேள்வி: அண்ணா, அஸ்ஃபால்டீனில் வனேடியம் என்ற உலோகம் எப்படி வந்தது?

பதில்: பச்சையத்தின் மிச்சம், தம்பி. அதன் வளையத்தில் மக்னீசியம் இருந்த இடத்தில் வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்துகொள்ளும். 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் டிரைப்ஸ் கண்டுபிடித்தது. சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியைப் பாழாக்குவதும் இந்த உலோகங்கள்தான்.

கேள்வி: பிரித்தது சரியா என்று பார்க்க எங்கள் கல்லூரியில் பெரிய கருவி எதுவும் இல்லையே, சார்?

பதில்: கார்பன், ஹைட்ரஜன் அளவை மட்டும் வெளியே கொடுத்து எடுங்கள். ஹைட்ரஜன்–கார்பன் அணு விகிதம் நிறைவுற்ற பகுதியில் 2ஐ ஒட்டியும், அஸ்ஃபால்டீனில் 1.2 பக்கமும் வர வேண்டும். அஸ்ஃபால்டீனில் 1.5 வந்தால் மறுபடி கழுவுங்கள்.