வெள்ளரி கசப்பது தண்ணீராலா, விதையாலா?

கேள்வி: சென்ற முறை நன்றாகக் காய்த்த ஒரு வெள்ளரியிலிருந்து விதை எடுத்து நட்டேன். எட்டுக் கொடிகளில் இரண்டின் காய்கள் மட்டும் வாயில் வைக்க முடியாதபடி கசக்கின்றன. மண்ணும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பக்கத்திலுள்ள பாகற்கொடியின் மகரந்தம் கலந்துவிட்டதா? இந்தக் காயை வேகவைத்துச் சாப்பிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்: சாப்பிட வேண்டாம். கசப்பைத் தருகிற குக்குர்பிட்டாசின் கொதிக்கவைத்தாலும் அழியாது. வெள்ளரிக்கு உறவான சுக்கினி வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் 2015இல் ஜெர்மனியில் இறந்திருக்கிறார். கடுங்கசப்பு நாக்கில் பட்டால் துப்பிவிடுங்கள்.

பாகல் மீது பழி போட வேண்டாம். அது வேறு பேரினம், வெள்ளரியோடு கலக்காது. தவிர, காயின் சதை முழுக்கத் தாய்க்கொடியின் உடல். எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் அந்தக் காயின் சுவை மாறாது. வந்த குணம் விதைக்குள் ஒளிந்திருந்து, அந்த விதை வளர்ந்து காய்க்கும்போதுதான் தெரியும். ஆகவே உங்கள் கசப்பு இந்த முறை வந்ததல்ல, சென்ற முறையே விதைக்குள் புகுந்தது.

எப்படிப் புகுந்தது? காய் கசக்க இரண்டு மரபணுக்களாவது சேர்ந்து இயங்க வேண்டும். 'பிஐ' என்பது கசப்பு தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் நொதிக்கானது. 'பிடி' என்பது காய்க்குள் அந்தத் தயாரிப்பை முடுக்கிவிடும் விசை. 2014இல் சீன ஆய்வாளர்கள் இந்தத் தயாரிப்பில் பங்குள்ள 9 மரபணுக்களை அடையாளம் காட்டினார்கள். காட்டு வெள்ளரியில் விசை முழு வேகத்தில் இயங்குகிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த வகைகளில் அது தளர்ந்துவிட்டது. இரண்டு மரபணுக்களிலும் கசப்பின் பக்கமே ஓங்கும் குணம்; அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த பிரதியே போதும். உங்கள் தாய்க்கொடிக்குக் கசப்பில்லை; ஆனால் தேனீ பல கொடிகளின் மகரந்தத்தைக் கொண்டுவரும், அதில் கசப்பு வெள்ளரியின் மகரந்தமும் இருந்திருக்கலாம். ஒரே காயிலுள்ள விதைகளுக்குத் தந்தை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எட்டில் இரண்டு என்றதும் பள்ளியில் படித்த மெண்டலின் கால் பங்கு (ஒடுங்கிய குணம் நான்கில் ஒன்றில் வெளிப்படும் என்ற கணக்கு) நினைவுக்கு வந்திருக்கும். எட்டுக் கொடியை வைத்து அந்தக் கணக்குப் போடாதீர்கள்; அதுவும் ஓங்கு குணத்துக்கு அது பொருந்தாது.

தண்ணீருக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. வறட்சியும் குளிரும் கசப்பைக் கூட்டும், கசக்கும் திறன் உள்ள கொடியில் மட்டும். 'பிஐ' இரு பிரதியிலும் பழுதான கொடியை எவ்வளவு வாட்டினாலும் அது கசக்காது.

அடுத்த முறைக்கு விதை எடுப்பதானால், கசக்காத கொடியின் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மலர்வதற்கு முந்தைய மாலையே நூலால் கட்டிவையுங்கள். காலையில் அதே கொடியின் ஆண் பூவைக் கொண்டு மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டிவிடுங்கள். 'அதே கொடி' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒன்று 'பிஐ' பழுதானது, மற்றது விசை தளர்ந்தது என்றால், கசக்காத இரண்டைக் கலந்தும் கசப்புக் கொடி பிறக்கும்.

நாற்றிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வித்திலையில் (முளைத்ததும் முதலில் விரியும் இலையில்) சிறு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்புங்கள். கசக்கவில்லை என்றால் அந்தக் கொடியின் காயும் கசக்காது. கசந்தால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். இலை கசந்து காய் கசக்காத வகைகள் ஏராளம். முதல் பிஞ்சு வரட்டும்.

இலையும் கசக்காத கொடிதான் சிறந்தது என்று முடிவு கட்டுமுன் ஒன்று. அமெரிக்காவில் வெள்ளரியைத் தின்னும் ஒருவகை வண்டுக்குக் கசப்பு விருந்து; இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேனுக்கோ அது விஷம். கசப்பில்லாத கொடியை வண்டு விட்டுவிடுகிறது, செம்பேன் பிடித்துக்கொள்கிறது என்பது 1971இல் வெளியான ஆய்வின் முடிவு. இயற்கையில் இரண்டு வகையும் நிலைத்திருப்பதற்கு இத்தகைய இழுபறியே காரணமாக இருக்கலாம். ஆகவே கசக்காத வித்திலையைத் தேர்ந்தெடுத்தால், வெயில் ஏறியதும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செம்பேன் அங்கேதான் முதலில் கூடும்.