பிட்யூட்டரி அறுவைசிகிச்சைக்குப் பிறகு, மிச்சப் பணத்தில் கடனை அடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற ஹார்மோன் சுரப்பியில் இருந்த கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். எட்டாம் நாள் தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம். சோடியம் குறைந்துவிட்டது என்று மறுபடி சேர்த்தார்கள். இப்போது தேறிவிட்டார். ஆனால் இரண்டாவது பில்லில் சேமிப்பு பாதியானது. மீதியை வீட்டுக் கடனில் கட்டினால் மாதத் தவணையாவது குறையுமா?

பதில்: இப்போது கட்டாதீர்கள். கடனில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது கடினம். உங்கள் வீட்டில் அவசரம் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இந்த அறுவைசிகிச்சைக்குப் பிறகு, உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோன் சிலருக்கு அளவுக்கு மீறிச் சுரக்கும்; அதனால் சோடியம் இறங்கும். பெரும்பாலும் முதல் வார இறுதியிலோ இரண்டாம் வாரத்திலோ, வீடு திரும்பிய பிறகுதான் இது தெரியும். நீங்கள் கவனிக்கத் தவறியதால் வந்ததல்ல. தாமதமாக மூக்கில் ரத்தம் கொட்டுவதும், மூளைத் தண்டுவட நீர் கசிவதும் உண்டு. ஆகவே ஒருமுறை மருத்துவமனையில் சேரும் செலவும் ஆறு மாத வீட்டுச் செலவும் உடனே எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும்.

இரண்டாவது பில்லுக்குக் காப்பீடு கேட்டீர்களா? டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுகளை எத்தனை நாள் வரை ஏற்பார்கள், மறுபடி சேர்ந்ததை அதே நோயின் தொடர்ச்சியாகக் கொள்வார்களா என்று பாலிசியில் பாருங்கள். கெடு முடியும் முன் இரண்டு டிஸ்சார்ஜ் அறிக்கைகளோடும் விண்ணப்பியுங்கள். பாலிசியை ஒருநாளும் காலாவதியாக விடாதீர்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய் என்று காத்திருக்க வைக்கலாம். அவருடைய காப்பீடு வேலையோடு சேர்ந்தது என்றால், வேலை மாறும் முன் இதை யோசியுங்கள்.

அடுத்தது நீண்டகாலச் செலவு. கார்டிசால், தைராய்டு ஆகிய ஹார்மோன்கள் குறைந்தால் ஈடுசெய்யும் மாத்திரை ஆயுள் முழுக்கத் தேவைப்படலாம். கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை எழுதித் தந்திருந்தால், பணமில்லை என்று ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், அதனால் கையிருப்பு கூடுதலாக இருக்கட்டும். சுமார் மூன்று மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., பிறகு பல ஆண்டுகள் தொடர் பரிசோதனை. கதிர்வீச்சு தந்தால் ஹார்மோன் குறைபாடு பல வருடம் கழித்தும் தலைகாட்டும்.

தவணைதான் நெருக்குகிறது என்றால் வங்கியில் கடன் காலத்தை நீட்டிக் கேளுங்கள். மொத்த வட்டி கூடும்தான். இந்த ஒரு வருடம் அவர் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியுமா என்று தெரியாத நிலையில், அது கொடுக்கத் தகுந்த விலை. அடுத்த சந்திப்பில் ஹார்மோன் மருத்துவரிடம் எந்த மாத்திரைகள் நிரந்தரம், எந்தப் பரிசோதனைகள் எப்போது என்று எழுதி வாங்குங்கள். மாத பட்ஜெட்டை அந்தத் தாளிலிருந்து போடுங்கள். கடனில் பகுதித் தொகை கட்டுவதை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.