டிரேசியை யார் கேலி செய்தார்கள்?

கேள்வி: சென்ற இதழில் ‘சூயிங் கம்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இரண்டு எபிசோடுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஜெபமும் ஒழுக்கமுமாக வளர்ந்த ஒரு பெண்ணைக் கேலிப்பொருளாக்கி, வாய் கூசும் பேச்சையெல்லாம் பேச வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளையைக் கட்டுப்பாடாக வளர்ப்பது அவ்வளவு பெரிய குற்றமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: கொச்சையான பேச்சு இருக்கிறது, மறுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும் தொடரும் இல்லை. ஆனால் தொடரின் நாயகி டிரேசியைக் கேலி செய்கிறார்கள் என்கிறீர்களே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

டிரேசிக்கு வயது 24. லண்டனில் ஓர் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில், சபையே கதியென்று வாழும் தாயோடும் சகோதரி சிந்தியாவோடும் இருக்கிறாள். தெருமுனைக் கடையில் வேலை. வீட்டில் பொழுதுபோக்கு என்றால் லூடோ. ரொனால்ட் என்று ஒருவனோடு பழகுகிறாள். அவனோ அவளையும் மிஞ்சிய பக்திமான். ஆணும் பெண்ணும் நெருங்குவது பற்றி அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை. தோழி கேண்டிஸ் சொல்லும் அரைகுறை யோசனைகளைச் சொல்லுக்குச் சொல் நம்பி, அதன்படியே நடந்து அவமானப்படுகிறாள். நாம் சிரிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். அந்தச் சிரிப்பில் அவள் மீது இளக்காரம் துளியும் இல்லை. இந்த வயது வரை இவளை இப்படி விட்டுவிட்டார்களே என்ற ஆற்றாமைதான் எனக்கு வந்தது.

ஒரு காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரேசி சட்டென்று முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்துப் பேசுவாளே, அதைக் கவனித்தீர்களா? கண்களை அகல விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, எதிரே நிற்பவனிடம் சொல்ல முடியாததை நம்மிடம் கொட்டுவாள். அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழி வாய்த்ததுபோல இவளுக்கு வாய்த்தது கேமரா. தாயிடம் கேட்டால் கிடைக்கப்போவது கண்டனம், வெளியே கேட்டால் சிரிப்பு. இரண்டும் இல்லாமல் காது கொடுப்பவர் நாம் மட்டும்தான். பேச்சு பச்சையாக இருக்கிறதென்று நாமும் எழுந்து போய்விட்டால் அவள் யாரிடம் போவாள்?

நீங்கள் இன்னும் பார்க்காத இரண்டாம் சீசனில் ஒருவன் வருகிறான். வெள்ளைக்காரன். அவனுக்கு டிரேசி வேண்டாம், அவளுடைய கறுப்பு நிறம் வேண்டும். ஆப்பிரிக்கப் பழங்குடிப் பெண் வேடம் கட்டி அவளை ஆட வைக்கும் வரை போகிறது அவனுடைய மோகம். தன்னை ஒருவன் விரும்புகிறானே என்ற மயக்கத்தில் அவளும் முதலில் இசைந்துபோகிறாள். அது அவமதிப்பு என்று அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் ஆகிறது. இங்கேதான் நான் உங்களோடு வாதாட விரும்புகிறேன். டிரேசிக்குச் சிறு வயதிலிருந்து சொல்லித் தரப்பட்டது மொத்தத்துக்குமான ஒரே ஒரு ‘கூடாது’. அதை ஒரு நாள் அவள் தாண்டிவிட்டாள். எல்லாப் பெண்களும் ஏதோ ஒரு நாள் தாண்டத்தான் வேண்டும், திருமணத்தின் வழியாகவாவது. தாண்டிய பிறகு, இவன் நல்லவன், இவன் வேண்டாம், இது சம்மதம், இது முடியாது என்று பிரித்துச் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? மறுக்கத் தெரிவதும் ஓர் அறிவு. அதைப் பூட்டிய கதவு தராது. விவரம் தெரிந்தவள்தான் மறுக்கவும் தெரிந்தவள்.

பக்தியை இழிவுபடுத்துவதாகவும் உங்களுக்குப் பட்டிருக்கிறது. எழுதியவர் யார் என்று பாருங்கள். மிக்கேலா கோல், கானாவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்; கிழக்கு லண்டனில் இதுபோன்ற குடியிருப்பில் வளர்ந்தவர். இளவயதில் தாமாகவே பெந்தெகொஸ்தே விசுவாசத்தில் தீவிரமாக இருந்து, ஆண் உறவை விலக்கி வாழ்ந்தவர். ஆகவே வீட்டுக்குள்ளிருந்து வரும் குரல் இது. கில்ட்ஹால் நாடகப் பள்ளியில் படிப்பை முடிக்கும்போது ‘சூயிங் கம் ட்ரீம்ஸ்’ என்ற நாடகத்தை எழுதி, எல்லாப் பாத்திரங்களையும் ஒருவராகவே நடித்தார். 2012-இல் லண்டனின் சிறு அரங்கில் ஏறிய அது, 2014-இல் தேசிய நாடக அரங்கம் வரை போனது. அதில் டிரேசிக்கு 14 வயது. தொடரைவிட இருண்ட கதை. 2015-இல் தொலைக்காட்சிக்கு வந்தபோதுதான் பத்து வயது கூடி, வண்ணமும் சிரிப்பும் சேர்ந்தன. ஏழைகளின் குடியிருப்பு என்றாலே சாம்பல் நிறம், போலீஸ், கத்திக்குத்து என்று காட்டிப் பழகிய பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அந்த மஞ்சளும் இளஞ்சிவப்பும் பெரிய காரியம். மறு ஆண்டே அவருக்குப் பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சி விருதான பாஃப்டா இரண்டு கிடைத்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டாம் சீசனை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், யாரோ பானத்தில் மயக்க மருந்து கலந்து மிக்கேலா கோலைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். 2018-இல் எடின்பரோ தொலைக்காட்சி விழாவின் மெக்டாகார்ட் சொற்பொழிவில், தொலைக்காட்சித் துறையின் பெரிய தலைகள் நிறைந்த அரங்கில் அவரே இதைச் சொன்னார். அந்த அனுபவத்திலிருந்து சம்மதம் என்றால் என்ன என்பதை ஆராய்ந்து 2020-இல் வேறொரு தொடர் எடுத்தார். அதன் எழுத்துக்காக மறு ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது பெற்றார். சிரிக்கச் சிரிக்க எழுதிய அதே கைதான் அதையும் எழுதியது. டிரேசியின் தடுமாற்றத்தை வெறும் ஆபாசம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இதுவும் காரணம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். கட்டுப்பாடு குற்றம் இல்லை. பிள்ளை பத்து வயதில் கேட்ட கேள்விக்கு இருபத்துநான்கு வயதிலும் வாயைப் பொத்துவது குற்றம். டிரேசியின் தாய் கொடுமைக்காரி இல்லை. மகள் மீது உயிரையே வைத்திருப்பவள். அப்படி உயிரை வைத்தும் அவளுக்குத் தேவைப்பட்ட ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டாளே என்பதுதான் என் கோபம்.

இரண்டு சீசனும் சேர்த்து மொத்தம் 12 எபிசோடுகள்; ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குள். உங்களுக்கு இன்னும் பத்து பாக்கி. பார்த்து முடித்த பிறகும் இதே கருத்து இருந்தால் விரிவாக எழுதி அனுப்புங்கள். ஒரு வரி வெட்டாமல் வெளியிடுகிறேன்.