ரீமேக் உரிமை இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா?

கேள்வி: மும்பை முலுண்டில் கேட்டரிங் தொழில் செய்கிறேன். நன்றாக ஓடிய ஓர் இந்திக் குடும்பப் படத்தின் தமிழ் ரீமேக் உரிமையை, அந்தேரியில் உள்ள அதன் தயாரிப்பாளரிடம் 2023 ஆகஸ்டில் 30 லட்சத்துக்குப் பேசி முடித்தேன். 18 லட்சம் கொடுத்துவிட்டேன். மீதி, படப்பிடிப்பு தொடங்கும்போது. ஐந்து வருட உரிமை என்று பத்திரத்தில் இருக்கிறது. பூஜை போட்டோம், தலைப்பைப் பதிவு செய்தோம், வசனமும் எழுதியாகிவிட்டது. நாயகன் கால்ஷீட் தராமல் இழுத்தடித்ததால் படம் தொடங்கவில்லை. மனைவியின் நகை அடகில் இருக்கிறது. இப்போது அதே ரீமேக் உரிமையைச் சென்னை நிறுவனம் ஒன்று வாங்கப்போவதாக சினிமா வர்த்தகப் பத்திரிகையில் பொது அறிவிப்பு வந்திருக்கிறது. கேட்கப் போனால் இரண்டு மணி நேரம் வெளியே உட்காரவைத்து, ‘மதராஸி’ என்று கேலி பேசி அனுப்பினார்கள். மோசடிப் புகார் கொடுக்கலாமா? இல்லை, கதையைக் கொஞ்சம் மாற்றி நானே எடுத்துவிடலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: ‘படம் தொடங்கவில்லை.’ காக்கவைத்தது, கேலி பேசியது, நாயகன் ஏமாற்றியது, நகை அடகுக்குப் போனது எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். வழக்கில் அவற்றுக்கு இடமில்லை.

பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19(4). எழுதி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிட்டதாகவே கருதப்படும். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. லைசென்ஸ் என்று தலைப்புப் போட்டிருந்தாலும் பிரிவு 30ஏ வழியாக இதே விதி வந்து சேரும். ‘ஐந்து வருடம் என்று இருக்கிறதே’ என்பீர்கள். எவ்வளவு காலத்துக்கு உரிமை என்பது வேறு, சும்மா வைத்திருந்தால் என்ன ஆகும் என்பது வேறு. ஐந்து வருடம் என்று எழுதியதே ‘வேறு மாதிரி எழுதியது’தான் என்று நான் உங்களுக்காக வாதாடலாம். அதை நம்பி நீங்கள் வீட்டை விற்கக் கூடாது. பத்திரத்தை எடுத்து, ‘பிரிவு 19(4) பொருந்தாது’ என்றோ, ‘பயன்படுத்தாவிட்டாலும் உரிமை போகாது’ என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் உங்கள் நிலை கெட்டி. இல்லையென்றால், 2024 ஆகஸ்டோடு உங்கள் உரிமை போய்விட்டது என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார்.

அப்போது, அந்த ஒரு வருடத்துக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும். தேங்காய் உடைத்த போட்டோ உதவாது. தலைப்புப் பதிவும் உதவாது; தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது, தயாரிப்பாளர் சங்கத்தில் செய்யும் பதிவு அந்தச் சங்கத்துக்குள் செல்லும் ஏற்பாடு. உதவக்கூடியது: வசனகர்த்தாவோடு தேதி போட்டுச் செய்த ஒப்பந்தம், நாயகனுக்கு வங்கி மூலம் போன அட்வான்ஸ், அதற்கு டிடிஎஸ் பிடித்துக் கட்டிய சலான், அந்த ஒரு வருடத்துக்குள் அனுப்பிய வசனப் பிரதியின் இமெயில். அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுத்து, கையெழுத்தில்லாத வவுச்சர்தான் இருக்கிறது என்றால், அதை மறந்துவிடுங்கள். இவ்வளவும் இருந்தாலும் ‘இதெல்லாம் ஆயத்தம்தானே, படம் எடுத்ததாகுமா’ என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியும். ஜெயிக்கும் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

இனி, ஆட்கள் விழுகிற குழிகளுக்கு வருகிறேன்.

முதல் குழி வாட்ஸ்அப். கோபத்தில் தயாரிப்பாளருக்கு, ‘எனக்குப் படமே வேண்டாம் சார், என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று ஒரு செய்தி அனுப்பியிருப்பீர்கள். கிட்டத்தட்ட எல்லாக் கட்சிக்காரர்களும் அனுப்புகிறார்கள். அந்த ஒரு வரி, நீங்களே கைவிட்டதற்கு எதிர்த்தரப்பின் முதல் ஆவணம். அனுப்பியிருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அழிக்கவும் வேண்டாம், அவர்கள் போனில் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உரிமை காலாவதியானால் கொடுத்த பணம் தானாகத் திரும்பி வராது. திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தில் வாசகம் இல்லையென்றால், 18 லட்சத்தைக் கேட்பது தனிப் போராட்டம். அதற்கும் மூன்று வருடக் காலவரம்பு உண்டு. எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே சண்டை வரும், ஆறப்போடாதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் ஆசைப்படும் மோசடிப் புகார். பணம் கைமாறியது 2023-இல்; பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலையில். அதனால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 420-தான் பொருந்தும். அதில் புகார் நிற்க வேண்டுமானால், பணம் வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று சொல்லியாக வேண்டும். அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் சிவில் நீதிமன்றத்தில் ‘ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, காப்பாற்றுங்கள்’ என்று நிற்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். அதோடு, கொடுக்கல் வாங்கல் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மூன்றாவதுதான் மோசமானது: ‘கொஞ்சம் மாற்றி நானே எடுத்துவிடுகிறேன்.’ வயதான பெற்றோர், மூன்று மகன்கள், சொத்துத் தகராறு, கடைசியில் கண்ணீர் என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்: கருவுக்குப் பாதுகாப்பில்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. ஆனால் நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லையே. ரீமேக் உரிமை வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு 18 லட்சம் கொடுத்தவர். உங்கள் வசனப் பிரதியின் முதல் பக்கத்திலேயே இந்திப் படத்தின் பெயர் இருக்கும். காட்சி எண்களும் அதன் வரிசைப்படியே போகும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? தடை உத்தரவும் ஷூட்டிங் நடக்கும்போது வராது. பைனான்ஸ் எல்லாம் உள்ளே போய், ரிலீஸ் தேதி அறிவித்த பிறகு வரும். கடைசி நிமிடத்தில் ஓடி வருகிறவர்களை மும்பை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது, சரி. அந்தக் கண்டிப்பை நம்பி யாராவது மூன்று கோடி போடுவார்களா?

கடைசியாக, கதாசிரியர். ரீமேக் உரிமை கதை, திரைக்கதை எழுதியவரிடமிருந்து வருவது. அவர் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தால்தான் தயாரிப்பாளர் விற்க முடியும். ‘ஆரண்ய காண்டம்’ வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: தயாரிப்பாளர் டப்பிங் செய்துகொள்ளலாம், ரீமேக் செய்ய எழுத்தாளரின் எழுத்துபூர்வமான ஒப்படைப்பு வேண்டும். உங்கள் பத்திரத்தோடு அந்த ஆவணத்தின் நகல் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் இப்போது கேளுங்கள். அதற்காகக் கதாசிரியரைத் தேடிப் போய், தனியாக இன்னொரு ஒப்பந்தம் போடாதீர்கள். பழைய பத்திரம் செல்லாது என்று நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகும்.

இவ்வளவு பலவீனத்திலும் உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, நீங்கள் அதைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: பொது அறிவிப்பு. சென்னை நிறுவனத்தின் வக்கீல் அதைப் போட்டதே, வில்லங்கம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அதில் கொடுத்த கெடுவுக்குள் ஆட்சேபம் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும்: பத்திரத் தேதி, கொடுத்த தொகை, உரிமை உங்களிடம் தொடர்கிறது என்ற நிலைப்பாடு. மதராஸி கதை அதில் வேண்டாம். அந்தக் கடிதம் கோப்பில் ஏறிய பிறகு, ‘எனக்கு ஆட்சேபமில்லை’ என்று நீங்கள் எழுதித் தரும் தடையின்மைக் கடிதம் வாங்காமல் அவர்கள் பணம் கொடுக்கத் தயங்குவார்கள். இன்றைக்கு அந்தத் தடையின்மைக் கடிதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை மறுக்கப்பட்டுவிட்டால் அந்த விலை மறுநாளே சரிந்துவிடும். 100 ரூபாய் முத்திரைத் தாளில் போட்ட உங்கள் பத்திரத்துக்கு முத்திரை வரி போதாது என்று முதல் நாளே எழுந்திருப்பார்கள். அபராதம் கட்டிச் சரிசெய்யலாம், ஆனால் உங்களுக்கு இப்போது இல்லாதது நேரம்தான்.

அதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், பேசி முடியுங்கள். 18 லட்சமும் வட்டியும் கேட்டு ஆரம்பியுங்கள், 12-க்கு வந்தால் கையெழுத்துப் போடுங்கள். 10-க்கு வந்தாலும் நான் உங்களைத் தடுக்க மாட்டேன். பேச்சுவார்த்தைக் கடிதம் ஒவ்வொன்றின் தலையிலும் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று போடுங்கள்; பேச்சில் இறங்கி வந்ததை நாளைக்கு வழக்கில் உங்களுக்கு எதிராக நீட்டாமலிருக்கத்தான் அது. இழுத்தடித்தால் மட்டும் வணிக நீதிமன்றம். அவசர நிவாரணம் கேட்காத வழக்கென்றால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் பிரிவு 12ஏ சொல்லும் மத்தியஸ்தத்துக்குப் போகாமல் மனு நிற்காது.

பின்தேதியிட்ட செக்குகளை வாங்கிக்கொண்டு தடையின்மைக் கடிதத்தை நீட்டிவிடாதீர்கள். செக் திரும்பினால் பிரிவு 138 வழக்கு நடத்தலாம், அதற்குள் படம் ஓடிடியில் வந்திருக்கும். பணம் வங்கிக் கணக்கில் ஏறட்டும், அதே மேசையில் கடிதத்தைக் கொடுங்கள்.