கள்ளக்குறிச்சி அட்டை கோவையில் செல்லுமா?

கேள்வி: நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். அப்பா கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் இருக்கிறார். நெஞ்சுவலிக்காக ஆஞ்சியோ எடுக்க வேண்டும், அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்கிறார்கள். கோவையில் பார்க்கலாம் என்றால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கள்ளக்குறிச்சியில் எடுத்தது, இந்தப் பக்கம் மாற்றினால்தான் செல்லும், 4,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். பெங்களூரில் இருக்கும் மாமா அங்கே கூட்டிவரச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த 4,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அட்டையை எந்த மாவட்டத்தில் எடுத்திருந்தாலும், தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள எந்த மருத்துவமனையிலும் அது செல்லும். மாவட்டம் மாற்றுவது என்று ஒரு வேலையே கிடையாது. இல்லாத வேலைக்குக் காசு கேட்கிறார். அட்டை தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம், ரேஷன் கார்டு எண்ணை வைத்துப் பதிவைத் தேடி எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

இந்தப் புரோக்கர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று பார்த்தால், நம் விதிகள்தான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்கிறது திட்டம். மாதம் 10,000. அதற்கு முன் பல வருடங்கள் 72,000 என்றே வைத்திருந்தார்கள்! ஒரு கொத்தனாருக்கு 800 ரூபாய் கூலியில் மாதம் 20 நாள் வேலை கிடைத்தாலே வருடத்துக்கு 1,92,000 ஆகிவிடும். அவர் என்ன பணக்காரரா? உள்ளதைச் சொன்னால் அட்டை இல்லை என்ற பயத்தை மக்கள் மனதில் போட்டுவிட்டு, வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்க வழி செய்து கொடுத்திருக்கிறோம். புதிதாக அட்டை எடுப்பவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்கு நேராகப் போகலாம். நடுவில் ஆள் தேவையில்லை.

அடுத்த பொறி மருத்துவமனைக்குள் இருக்கிறது. சில தனியார் மருத்துவமனைகளில், "அட்டை அப்ரூவல் வர நாளாகும், இப்போதைக்கு அட்வான்ஸ் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். கட்டிவிடாதீர்கள். இது பணமில்லா சிகிச்சைத் திட்டம். நீங்கள் கட்டிவிட்டு, ரசீதைக் காட்டி அரசிடம் திரும்ப வாங்க முடியாது. சேர்க்கும்போதே காப்பீட்டு டெஸ்க்கில் ரேஷன் கார்டைக் கொடுத்து, முன்அனுமதிக்கு அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். இன்னொன்று, திட்டத்தில் இருக்கும் மருத்துவமனை என்றால் எல்லாச் சிகிச்சைக்கும் அனுமதி பெற்றது என்று அர்த்தமில்லை. எலும்பு அறுவைக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. "ஸ்டென்டுக்கு இருக்கிறதா" என்று குறிப்பாகக் கேளுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஆஞ்சியோ எடுத்து ஸ்டென்ட் வைக்கும் கேத் லேப் இருக்கிறது. நான் அங்கேதான் முதலில் போகச் சொல்வேன்.

இனி பெங்களூர். நான் சொன்னதெல்லாம் மாநில எல்லை வரைக்கும்தான். 2018-இல் நம் திட்டத்தை மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். ஆனால் நம்மிடம் அட்டை இருக்கும் எல்லோருமே அந்தத் திட்டத்திலும் இல்லை. 2011-இல் எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துத்தான் அந்தப் பட்டியல் போட்டார்கள். ஆயுஷ்மானில் பெயர் இருந்தால்தான் வெளிமாநிலத்தில் சிகிச்சை கிடைக்கும். அந்த மருத்துவமனையும் ஆயுஷ்மானில் சேர்ந்திருக்க வேண்டும். ஆக, ஒரே தெருவில் ஒரே மாதிரி அட்டை வைத்திருக்கும் இரண்டு வீடுகளில், ஒரு வீட்டுக்கு பெங்களூரில் சிகிச்சை உண்டு, பக்கத்து வீட்டுக்கு இல்லை. காரணம், 2011-இல் கணக்கெடுக்க வந்தவர் எதை எழுதிக்கொண்டு போனார் என்பதுதான். ரேஷன் அரிசியை எந்த மாநிலத்திலும் வாங்கலாம் என்று ஆக்கியவர்களுக்கு, வைத்தியத்தையும் அப்படி ஆக்க ஏன் மனம் வரவில்லை? ஆயுஷ்மான் உதவி எண்ணான 14555-இல் அப்பாவின் ஆதார் எண்ணைச் சொல்லிப் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் பெங்களூருக்குப் பஸ் ஏறாதீர்கள். மாமாவின் அக்கறை புரிகிறது. ஆனால் அங்கே போய் செல்லாது என்று தெரிந்தால், கடன் வாங்கித்தான் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

மலையில் இருப்பவருக்கும் கோவையில் இருப்பவருக்கும் காகிதத்தில் குடும்பத்துக்கு வருடம் அதே 5 லட்சம் ரூபாய்க் காப்பீடுதான். கோவைக்காரர் டவுன் பஸ்ஸில் போய் இறங்குவார். உங்கள் அப்பா மலை இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து, சேலம் வழியாக வர வேண்டும். கூட வரும் உங்கள் சாப்பாடு, பஸ் செலவு, போன கூலி எதையும் யாரும் தரப்போவதில்லை. அதனால் ஆஞ்சியோவுக்குத் தேதி வாங்கிக்கொண்டு அப்பாவை வரச்சொல்லுங்கள். இசிஜி தாள், பழைய மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

அதற்குள் வலி கூடினால் கோவைக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறி இருந்தால் முதல் வேளையாக 14 மாத்திரைகளை அங்கேயே கொடுப்பார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. பார்த்துவிட்டு அவர்கள்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் வாங்கி வைத்துப் போடக் கூடாது. இதை அப்பாவுக்கு மட்டுமில்லாமல், பக்கத்து வீட்டில் போன் வைத்திருப்பவருக்கும் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.