படம் பார்த்த கையோடு...

கேள்வி: அண்மையில் பார்த்த படங்களில் உங்களை அழவைத்தது எது?

பதில்: 'தி ஃபாதர்' (2020). ஆனால் அழுகை கடைசியில்தான் வந்தது. அதுவரை எனக்கு வந்தது எரிச்சல். மறதி நோய் வந்த பெரியவராக ஆந்தனி ஹாப்கின்ஸ். இந்த மாதிரிப் படங்களில் வழக்கமாக மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், மருத்துவர் விளக்கம் சொல்வார், நாம் பக்கத்தில் நின்று பரிதாபப்படுவோம். இயக்குநர் ஃப்ளோரியன் ஸெல்லர் நம்மை அந்தப் பெரியவரின் தலைக்குள்ளேயே உட்கார வைத்துவிடுகிறார். மகளாக ஒலிவியா கோல்மனைப் பார்த்துப் பழகிய பிறகு, மகளாக வீட்டுக்குள் வருவது வேறொரு நடிகை! சுவரில் இருந்த ஓவியத்தைக் காணோம். ஏதோ காட்சியைத் தவறவிட்டோமோ என்று ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எதையும் தவறவிடவில்லை. முடிவில் அந்த மனிதர் அம்மா வேண்டும் என்று குழந்தைபோல் செவிலியிடம் கேட்கும்போது உடைந்துபோனேன். 83 வயதில் ஹாப்கின்ஸுக்கு இதற்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால்தான் கோபம் வந்திருக்கும்.

கேள்வி: 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தில் மாடியிலிருந்து விழுந்து செத்த கணவனை மனைவி தள்ளிவிட்டாளா, இல்லையா? வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.

பதில்: நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது, படம்தான் சொல்லவில்லை. சண்டையைத் தொடருங்கள்.

எனக்கு மறக்காதது அந்த ஒலிப்பதிவுக் காட்சி. சாவதற்கு முந்தின நாள் நடந்த சண்டையைக் கணவன் மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறான். அதை நீதிமன்றத்தில் போடுகிறார்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, யாருக்கு எழுத நேரம் கிடைக்கிறது என்று ஆரம்பிக்கிறது. சண்டை நம் கண் முன்னாலேயே நடக்கிறது. கைகலப்பு வரும் இடத்தில் மட்டும் இயக்குநர் ஜஸ்டின் ட்ரியே சட்டென்று நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடுகிறார். மிச்சம் வெறும் சத்தம்தான். யார் யாரை அடித்தார்கள் என்பதற்கு அவள் வாய்மொழியை நம்ப வேண்டியதுதான். எந்த வீட்டுச் சண்டையைப் பதிவு செய்து நீதிபதி முன் போட்டாலும் கொலைக்கான காரணம் மாதிரித்தான் கேட்கும்.

நான் மனைவியாக நடித்த சான்ட்ரா ஹூல்லர் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள்.

கேள்வி: கழிப்பறை கழுவுகிறார், செடிக்குத் தண்ணீர் விடுகிறார், தூங்குகிறார். கூடவே நானும் தூங்கிவிட்டேன். 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்தை ஏன் கொண்டாடுகிறார்கள்?

பதில்: தூங்கியது தப்பில்லை. சகோதரி வருவதற்கு முன்பா, பின்பா? டிரைவர் வைத்த காரில் வந்து இறங்குகிறவர், நிஜமாகவே கழிப்பறைதான் கழுவுகிறாயா என்று கேட்கிறார். கழிப்பறை கழுவுகிறவராக வரும் கோஜி யாகுஷோ ஆமாம் என்கிறார். சகோதரியைக் கட்டிக்கொள்கிறார். கார் போனதும் அழுகிறார். அப்பாவோடு என்ன தகராறு, எதை விட்டுவிட்டு வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் இங்கே ஒரு நீண்ட ஃபிளாஷ்பேக் நிச்சயம்.

எனக்கும் ஒரு குறை உண்டு. டோக்கியோவின் அந்தக் கழிப்பறைகள், கழுவுவதற்கு முன்பே பளபளக்கின்றன. இயக்குநர் விம் வெண்டர்ஸ் கொஞ்சம் அழுக்கையும் காட்டியிருக்கலாம்.

கேள்வி: எப்போதும் சோகப் படங்கள்தானா? மனசு பாரமாகாதா?

பதில்: ஆகாது. சிரிப்பு வராத நகைச்சுவைப் படம் பார்த்தால்தான் ஆகும்.

கேள்வி: 'டிரைவ் மை கார்' மூன்று மணி நேரமாமே, பார்க்கலாமா?

பதில்: 179 நிமிடம், ஒரு நிமிடம் மிச்சம். நடித்தவர்கள் பெயர் போடும் தொடக்க எழுத்துகள் வருவதற்கே சுமார் 40 நிமிடம் ஆகும். முடிந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள், என் நண்பர் ஒருவர் போய்விட்டார்.