போன மாசம் இரண்டு லட்சம், இந்த மாசம் ஐம்பதாயிரம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: கிரெடிட் கார்டு லிமிட்டை, அதாவது கார்டில் அதிகபட்சம் செலவழிக்கக்கூடிய தொகையை, வங்கி சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட்டது. இதே கதை எனக்கும் நடந்தது. வங்கியின் கடன் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு வருடத்துக்கு முன்னால், சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலையை மடித்துப் பையில் போட்ட பிறகு, மெஷின் என் கார்டை ஏற்க மறுத்தது. "வேற கார்டு இருக்கா சார்?" என்று பில் போடும் பெண் மெதுவாகக் கேட்டது. என் மனைவி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் 3 லட்சம் 60 ஆயிரமாகியிருந்தது. சம்பளம் நின்று பென்ஷன் வர ஆரம்பித்திருந்தது, அவ்வளவுதான் காரணம். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக ஒரு பில்லும் தவறியதில்லை. 2,40,000 லிமிட்டை 50,000 ஆக்கிவிட்டார்கள். ஒழுங்காகக் கட்டுபவனுக்கு இதுதான் மரியாதையா? (செவ்வாய்பேட்டை)

பதிலை உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "வெள்ளி வாங்க அவசரமென்றால் பங்காளி கடை மெஷினில் தேய்த்து, 2 சதவீதம் போக மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்வேன்" என்று.

வங்கியின் கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். பில் கட்டிய மறுநாளே, மாதாமாதம் ஒரே கடையில், 90,000, 85,000 என்று முழுத்தொகை. நிஜமாகவே சாமான் வாங்கினால் 1,847, 6,312 என்று சில்லறையோடுதான் வரும். இவர் பொருள் வாங்கவில்லை, கடனைச் சுற்றிவிடுகிறார் என்று அது முடிவு கட்டிவிடும். பங்காளி நல்லவர் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சொந்த உபயோகத்துக்குக் கொடுத்த கார்டை வியாபாரத்துக்கோ, இப்படி ரொக்கம் எடுக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பது பெரும்பாலான கார்டுகளின் நிபந்தனை. கார்டையே முடக்காமல் 50,000 மிச்சம் வைத்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளி விலை ஏறிப் போன பிறகு அதே பட்டறையை ஓட்டக் கூடுதல் முதல் வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஆனால் 2 சதவீதம்தானே என்று ஏமாறாதீர்கள். பில்லைக் கட்டும் வரை கையில் இருக்கும் 45 நாள் பணத்துக்கு 2 சதவீதம் என்றால் வருடக் கணக்கில் 16 சதவீதத்தைத் தாண்டும். ஒரு மாதம் முழுசாகக் கட்ட முடியாமல் போனால் கார்டு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. ஜிஎஸ்டி ரிட்டர்னும் ஒரு வருட ஸ்டேட்மென்ட்டும் எடுத்துக்கொண்டு நடப்புக் கணக்கு உள்ள கிளையில் கேஷ் கிரெடிட் (தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) கேளுங்கள். அலைய விடுவார்கள். அலைந்தாலும் பரவாயில்லை.

என்னைக் கேட்காமல் எப்படிக் குறைக்கலாம்? எஸ்எம்எஸ்கூட வரவில்லை. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாமா? (ஏற்காடு, நாகலூர்)

லிமிட்டைக் கூட்டத்தான் உங்கள் சம்மதம் வேண்டும். குறைக்கும்போது தெரிவித்தால் போதும். ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. ஆக, "ஏன் குறைத்தாய்" என்று ஓம்புட்ஸ்மேனிடம் போனால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். "எனக்குத் தெரிவிக்கவே இல்லை" என்பது வேறு புகார், அதற்கு வலு உண்டு. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஓம்புட்ஸ்மேன். செலவில்லை. விவரம் வேண்டுமானால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்று பார்த்துவிடுங்கள். எஸ்டேட் பக்கம் டவர் கிடைக்கவில்லை என்று சிம்மை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் எந்த நம்பர் இருக்கிறது? பழைய நம்பருக்கோ, திறந்தே பார்க்காத இ-மெயிலுக்கோ போயிருந்தால் அவர்கள் தெரிவித்ததாகத்தான் கணக்கு.

லிமிட் குறைந்தால் சிபில் ஸ்கோரும் (கடனை எப்படிக் கையாள்கிறோம் என்று காட்டும் மதிப்பெண்) குறையுமா? (அம்மாபேட்டை)

குறைத்ததற்காகக் குறையாது, லிமிட்டில் எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்ற விகிதம் மாறுவதால் குறையலாம். உங்களிடம் இரண்டு கார்டு, 2 லட்சமும் 1 லட்சமும். மாதச் செலவு 60,000. மொத்த லிமிட்டில் அது 20 சதவீதம். முதல் கார்டு 50,000 ஆனதும் அதே 60,000 மொத்தத்தில் 40 சதவீதமாகிவிடுகிறது. 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு.

ஒரு வழி இருக்கிறது: பில் போடும் தேதிக்கு முன்பே பாதியைக் கட்டிவிடுங்கள். ஸ்டேட்மென்ட்டில் பாக்கி குறைவாகத் தெரியும்.

எல்லா பில்லும் கட்டியிருக்கிறேன், வேறு கடனும் இல்லை. பிறகு எதற்கு? (ஆத்தூர்)

ஒரு வங்கி லிமிட்டை வெட்டுவது அந்த வங்கியில் நடந்ததை மட்டும் பார்த்து இல்லை. உங்கள் கிரெடிட் ரிப்போர்ட் முழுவதையும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறார்கள். நம் கடன் விவரங்களைத் திரட்டி இந்த ரிப்போர்ட்டைத் தயாரிப்பவை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தரவேண்டும். சண்டைக்குப் போகுமுன் அதை எடுங்கள்.

எடுத்ததும் "ஜாமீன்தாரர்" என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். மச்சான் வண்டிக் கடனுக்குப் போட்ட கையெழுத்தை நாம் மறந்திருப்போம், ரிப்போர்ட் மறக்காது. அவர் தவணை தவறினால் உங்கள் பெயருக்கும் கீறல். விவரமே தப்பாக இருந்தால் அங்கேயே ஆட்சேபம் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

பாக்கி 80,000. லிமிட்டை 50,000 ஆக்கிவிட்டார்கள். மிச்சம் 30,000-ஐ உடனே கட்டணுமா? (சூரமங்கலம்)

பில்லில் போட்ட கடைசித் தேதிதான் கணக்கு. ஆனால் அடுத்த பில்லில் "மினிமம் டியூ", அதாவது குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை, எவ்வளவு என்று கண்ணை விரித்துப் பாருங்கள். லிமிட்டைத் தாண்டிய தொகையை முழுசாக அதிலேயே சேர்க்கும் வங்கிகள் உண்டு. வழக்கமான 5 சதவீதம் என்று நினைத்துக் கட்டிவிட்டு, தவணை தவறியவர் ஆகிவிடாதீர்கள். நீங்கள் முன்கூட்டி சம்மதிக்காமல் ஓவர்லிமிட் கட்டணம் போட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள். கார்டிலிருந்து தானாகப் போகும் இன்சூரன்ஸ் பிரீமியம் ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.

கோபத்தில் கார்டையே மூடிவிடலாமா? (அஸ்தம்பட்டி)

பழைய கார்டு, வருடக் கட்டணமும் இல்லை என்றால் வைத்திருங்கள். மூடுவதுதான் முடிவென்றால், பாக்கி இல்லாத கார்டை வங்கி 7 வேலை நாளில் மூடவேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும்.

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். கார்டை நம்பித்தான் தேதி வாங்கியிருந்தோம். இப்போது என்ன செய்வது? (ஏற்காடு)

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் படித்தேன். லிமிட்டைத் திரும்பக் கூட்டச் சொல்லிக் கேட்கலாம், சம்பள ஸ்லிப்பும் ஐடி ரிட்டர்னும் கொடுங்கள். ஆனால் ஆபரேஷன் தேதிக்குள் நடக்கும் என்று நம்பவேண்டாம். கீழே இறங்கி வரும்போது நகையையும் எடுத்து வாருங்கள். வங்கி நகைக்கடன் பெரும்பாலும் அன்றைக்கே கைக்கு வரும், வட்டியும் கார்டைத் தவணையில் இழுப்பதைவிட எவ்வளவோ குறைவு. ஃபிக்சட் டெபாசிட் ஏதாவது இருந்தால் உடைக்காதீர்கள், அதன்மேல் கடன் கேளுங்கள். அப்புறம், அந்த ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை செல்லுமா என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்காமல் பணம் கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.